சாம்பல் நிற ஸ்கூட்டரும் பேசாமல் இருக்கும் உரிமையும்

திருமுல்லைவாயில்,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை விக்ரம் அவர்களுக்கு, மாமனார் ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை ஞானம்மாள், போன மாதம் மாற்றிய தண்ணீர் மோட்டார் மூவரும் சௌக்கியம். தாங்களும் மகள் எழிலும் தங்கள் பெற்றோரும் அவ்வாறே இருக்க மாசிலாமணீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போன செய்தி இதற்குள் தங்கள் காதுக்கு வந்திருக்கும். போனில் விளக்கலாம் என்றால் உங்கள் அத்தை நடுவில் புகுந்து கதையை வேறு பக்கம் திருப்பிவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் திருட்டுப் பட்டத்தோடு என்னால் இருக்க முடியாது.

சனிக்கிழமை காலை ஆவடியிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டிருந்த என் சாம்பல் நிற ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாவி போட்டேன், திரும்பியது, வேறு என்ன பார்க்க வேண்டும்? திங்கட்கிழமை காலை பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏட்டு ஜேம்ஸ் வந்து, வாசலில் நிற்கும் வண்டி ராகேஷ் என்பவருடையது, திருட்டுப் புகார் வந்திருக்கிறது என்றார். நம்பரைப் பார்த்தேன். என் நம்பர் இல்லை. ஜேம்ஸ் தன் செல்போனில் கேமரா படத்தைக் காட்டினார். அதில் நான் வண்டியைச் சுற்றி வருகிறேன், கைக்குட்டையால் சீட்டைத் துடைக்கிறேன், இரண்டு பக்கமும் பார்க்கிறேன், கிளம்பிப் போகிறேன். பஸ் வருகிறதா என்றுதான் பார்த்தேன், ஆனால் படத்தில் பார்த்தால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

சத்தம் கேட்டு மாடியில் குடியிருக்கும் ஜெயப்பிரியா ஈரத் தலையோடு இறங்கி வந்தாள். அம்பத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் பெண். என்ன புகார், கைதா அல்லது விசாரணையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கூடவே வந்தாள். ஆட்டோவில் எனக்குப் பாடம் நடந்தது. இம்மாதிரிப் புகாருக்கு நோட்டீஸ் கொடுத்து அழைத்து விசாரிக்கலாம், எடுத்தவுடன் உள்ளே போட வேண்டியதில்லை. போட்டாலும் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், இருபத்திநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

ஸ்டேஷனில் ஜேம்ஸ் கேட்டது ஒரே கேள்வி. "பெரியவரே, இதுக்கு மின்னாடி உங்க மேல எதுனா கேஸு கீதா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். நான் காலேஜ் நாளில் வில்லிவாக்கத்திலிருந்து டிக்கெட் இல்லாமல் வந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளையை அவர்கள் ஊருக்குப் போயிருந்தபோது வெட்டியதையும் சொன்னேன். ஜேம்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜெயப்பிரியாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அங்கிள், பேசாம இருக்கறது உங்க உரிமை. தயவுசெஞ்சு கொஞ்சம் பயன்படுத்துங்க" என்றாள் அவள்.

ஃபிளாஸ்கில் காபியோடு வந்து நின்ற உங்கள் அத்தை, "இப்டி ஒரு சட்டம் கீறது இத்தினி வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். ஸ்டேஷனே சிரித்தது. நான் மட்டும் உரிமையோடு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு யாரோ ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்கள். ஆபீசில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டே பென்ஷன் வாங்கிய கை, தானாகப் பேனாவை எடுத்துவிட்டது. ஜெயப்பிரியா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் கோர்ட்டில் அது செல்லாது, அதற்காக எழுதாத தாளில் கையெழுத்துப் போடுவதா என்று கடிந்துகொண்டாள்.

என் பெஞ்சில், வேறு ஏதோ விசாரணைக்கு நசரத்பேட்டையிலிருந்து அழைத்து வந்த, கட்டடத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கும் வேலைக்காரர் ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும். "எனக்கும் இந்தப் பாப்பா பேசுமாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார். ஜெயப்பிரியா உடனே அவர் பக்கம் திரும்பினாள். வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டாள், இல்லை என்றார். ஜேம்ஸ் மறுபேச்சில்லாமல் போனைக் கொடுத்தார். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி உண்டு என்று சொல்லி அந்த நம்பரையும் எழுதித் தந்தாள். அந்த மனிதர் மனைவியிடம் பேசி முடித்ததும் ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த காபியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன், மாப்பிள்ளை.

அதற்குள் புகார் கொடுத்த ராகேஷும் வந்துவிட்டார். புது ஃபிளாட்டில் இருக்கும் திருநெல்வேலிப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனி. கோபமாகத்தான் வந்தார். நேர்மையற்ற எண்ணம் இல்லாவிட்டால் அது திருட்டாகாது என்று சொன்ன ஜெயப்பிரியா, அப்போதுதான் எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டாள். அங்கிளுடைய வண்டி எங்கே?

எல்லோரும் ஸ்டாண்டுக்குப் போனோம். இரண்டு வரிசை தள்ளி, அதே நிறத்தில், தூசியோடு நின்றது. என் சாவி இரண்டுக்கும் சேர்ந்தது. ராகேஷின் சாவியும் சேர்ந்தது. ஜேம்ஸ் ஆர்வம் தாங்காமல் தன் வீட்டுச் சாவியைப் போட்டார், என் வண்டி அதற்கும் திறந்தது. ராகேஷ் சிரித்துவிட்டார். "நானே உங்க வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பேன் அங்கிள்" என்றார். தவறுதலாக நடந்தது என்று எழுதிக் கொடுத்தார், புகாரை முடித்தார்கள், மாலையில் வீட்டுக்கு வந்து காபியும் சாப்பிட்டார்.

இன்னொன்று, தங்களிடம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடி போகும்போது பிரேக் பிடித்தவுடன் வண்டி நின்றது. ஹாரன் அடித்தது. பதினோரு வருடமாக என் வண்டியில் இரண்டும் நடந்ததில்லை. பெட்டியைத் திறந்தால் யாருடையதோ ரெயின்கோட். புரிந்துவிட்டது. ஆனாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பூந்தமல்லி வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்தேன், அவ்வளவு சுகமாக இருந்தது. மகன் ஸ்தானத்தில் இருக்கும் தங்களிடம் சொல்லிவிட்டேன், மனசு ஆறியது.

எழிலுக்கு என் ஆசி. தங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். இருவரும் எல்லா நலனும் பெற்று நீடு வாழ்க.

தங்கள் அன்பு மாமனார்,
கோ. ஏகாம்பரம்

பின்குறிப்பு: சட்ட விவரம் சரியா என்று பார்க்கச் சொல்லி ஜெயப்பிரியாவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். போலீசிடம் சொன்னதுதான் செல்லாதாம், மாப்பிள்ளைக்குக் கைப்பட எழுதியது நன்றாகவே செல்லுமாம். ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைத் தாங்கள் கிழித்துவிடுங்கள் என்று எழுதப் போனேன். அது சாட்சியத்தை அழிக்கச் சொல்வது, அதற்குத் தனி செக்‌ஷன் இருக்கிறது என்கிறாள். கவரில் தபால் தலையும் ஒட்டியாகிவிட்டது. ஆகவே இக்கடிதத்தைப் படிக்காமல் பத்திரமாக வைக்கவும்.