கலர் ரோலில் ஒரு கறுப்பு வெள்ளை

இனிமேல் கலர் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

காலையில் தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இதை உரக்க அறிவித்தேன். என் மனைவி மயிலாத்தாள் தோசைத் திருப்பியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

“ஏனுங்க, அப்ப இத்தனை நாளா பாத்துட்டா இருந்தீங்க?”

“அந்தக் கலர் இல்லை அம்மணி. போட்டோவுல வர்ற கலரு.”

“அப்பச் சேரிங்க” என்றாள். தோசை தட்டில் விழுந்தது.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் மூலைக்கு மூலை கலர் லேப் வந்துவிட்ட காலம் அது. பாஸ்போர்ட் எடுக்கிறவர்களைத் தவிரக் கறுப்பு வெள்ளையைச் சீண்ட ஆளில்லை. நான் போனஸில் ஒரு காமிரா வாங்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளூர் போட்டோ சங்கம் ஒரு போட்டி வைத்தது. கலர் ரோலில்தான் எடுக்க வேண்டும். ஆனால் படத்தில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் தலைகாட்டக் கூடாது. லேபில் தில்லுமுல்லு கூடாது. எடுக்கிற பொருளே இயற்கையில் கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியதாஸ் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் யோசனை கேட்டேன்.

“வக்கீலை எடுத்தா என்னங்க?” என்றேன்.

“வக்கீல்கிட்ட இயற்கை எங்கீங்க இருக்குது?”

“கன்னியாஸ்திரி?”

“அது உடுப்புங்க. இதை எங்க மதர்கிட்டப் போயிக் கேட்டு வெச்சுப்போடாதீங்க. அப்புறம் நான் கோயில் பக்கம் தலை காட்ட முடியாது.”

தலை என்றதும் என் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடர்த்தியான முடி. ஆனால் அதன் கறுப்பு, கடையில் பொட்டலமாக வருவது. பீளமேட்டில் ஒரு பம்புசெட் பவுண்டரியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. தலை நரைத்தால் ஷெட்டில் ஒருத்தனும் நம் பேச்சைக் கேட்கமாட்டான் என்பது என் கட்சி. இப்போதும் கேட்பதில்லை, அது வேறு. மீசைக்கு மட்டும் அந்தச் செலவில்லை. அது கல்யாணத்தோடு போய்விட்டது.

டை அடித்த மறுநாளெல்லாம் என் காது இரண்டும் வடை மாதிரி உப்பும். நெற்றி அரிக்கும். ஒருமுறை கண்ணே திறக்க முடியாமல் போய், மயிலா என் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் சீட்டில் என் பெயரைப் பார்த்தார்.

“நஞ்சுண்டன். சேரிங்க, பேரு வெச்சுட்டாங்க. அதுக்காக நஞ்சைத் தலையிலயும் தடவோணுமுங்களா? இன்னொருக்கா மூஞ்சி இப்படி வீங்கி, தொண்டையும் வீங்குச்சுன்னா மூச்சு நின்னு போயிரும். விட்டுப்போடுங்க.”

நான் விடவில்லை. மயிலா கெஞ்சினாள். சண்டை போட்டாள். ஒருநாள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். “வெங்காயமுங்க” என்றாள். அன்றைக்குத் தயிர்சோறு. அப்போதும் நான் விடவில்லை.

போட்டி அறிவிப்பு வந்த வாரமே டை அடிக்கிற நாளும் வந்தது. கிண்ணத்தை எடுத்தேன். மயிலா பதறி ஓடி வந்தாள்.

“ஐயையோ, அதைக் கையில தொட்டுப்போடாதீங்க! டை பட்ட கையோட ரோலத் தொட்டா, ரோலு பூராவும் கறுத்துப்போகுமாமா. ஆரோக்கியதாஸ் அண்ணன் சொன்னாருங்க.”

“நெசமாலுமா?”

“ஆமாங்க. போட்டி முடிஞ்சதும் அடிச்சுக்குங்க. நானே கலக்கித் தாறேன்.”

கலைக்காகத் தியாகம் செய்கிறவன் நான். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். ஷெட்டில் தொப்பி போட்டுக்கொண்டேன். கண்ணாடி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். சித்திரை வெயில் ஏறியதும், “உச்சி பொரியுது, ஒட்ட வெட்டிக்குங்களே” என்றாள். வெட்டிக்கொண்டேன். பழைய சாயம் பூராவும் சலூன் தரையில் கிடந்தது. மனைவிக்கு என் உச்சியின் மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேட்டை நடந்தது.

முதலில் காக்காய். மொட்டைமாடியில் வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் காக்காய். இதைவிட என்ன வேண்டும்? நான் போகஸ் திருப்புவேன், காக்காய் தலையைத் திருப்பும். நான் கண்ணை மூடுவேன், அது இறக்கையைத் திறக்கும். கடைசியில் கிடைத்தவை தொட்டியின் படங்கள். தொட்டி நன்றாக வந்திருந்தது.

அடுத்தது மாடு. அவிநாசிக்குப் பக்கத்தில் மயிலாவின் சின்னம்மா பழனியாத்தாள் ஒரு சீமை மாடு வைத்திருந்தார். கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக, யாரோ மேப் வரைந்துவிட்டு நாட்டின் பெயர் எழுத மறந்த மாதிரி இருக்கும். கையில் மிஞ்சியிருந்த கடைசி ரோலோடு பஸ் ஏறினேன்.

தொழுவத்துக்குப் போனதும் தலை சுற்றியது. மாட்டின் கழுத்தில் சாமந்தி மாலை. கொம்பு ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். முதுகில் ஒரு பவானி ஜமுக்காளம், பச்சையும் ஆரஞ்சுமாக.

“ஏனுங்க அத்தை, மாட்டை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“வாங்க மாப்பிள்ளை. நீங்க போட்டோப் புடிக்க வாறீங்கன்னு மயிலா போன்ல சொன்னா. மொகங்கூடக் கழுவாமயா நிறுத்துறது? பாருங்க, பொண்ணுப் பாக்க வந்தாப்புல எப்படி நிக்குதுன்னு!”

“அத்தை, எனக்குக் கறுப்பு வெள்ளைதான் வேணுமுங்க. இதையெல்லாம் எடுத்துப்போடலாமுங்களா?”

அத்தையின் முகம் வாடிவிட்டது. “விடிகாலைல எந்திரிச்சுப் பண்ணினனுங்க மாப்பிள்ளை” என்றார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எப்படி எடுக்கச் சொல்வது? கலரிலேயே எடுத்தேன். முன்னால் நின்று, பக்கவாட்டில் நின்று, அத்தையோடு, அத்தை இல்லாமல், அத்தையும் மாடும் ஒருவரையொருவர் பார்ப்பது போல. ரோலில் ஒரே ஒரு படம்தான் மிஞ்சியது.

மறுநாள் காலை பின்கட்டில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருந்தோல்வி. அன்றுதான் படம் கொடுக்கக் கடைசி நாள். மயிலா காபியை என் கையில் கொடுத்தாள். ஆறும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

“வெசனப்படாதீங்க” என்று என் தலையைத் தடவிக்கொடுத்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கை அப்படித்தான், எப்போதும் ஏதோ ஒரு பாத்திரத்தின் ஈரம். “ஏனுங்க, அந்த மிச்சம் ஒரு படத்தை நான் எடுத்துப் பாக்கட்டுங்களா?”

“உனக்கென்ன தெரியும்?”

“ஒண்ணுந்தெரியாதுங்க. ஆரோக்கியதாஸ் அண்ணன் கிட்டத்துல எடுக்கற கண்ணாடி ஒண்ணைக் குடுத்து, எங்க அமுக்கோணும்னு சொல்லிக் குடுத்தாருங்க.”

“எடு போ. இனி எதை எடுத்தா என்ன?”

எனக்குப் பின்னால் எங்கேயோ ஏறினாள். முக்கினாள். அப்புறம் காதோரம் ‘கிளிக்’.

“எதை எடுத்தே?”

“காக்காயுங்க. சொவத்துல உக்காந்திருந்துச்சு.”

“காக்காயா? எனக்கே உக்காரல, உனக்கு உக்காருமா? போச்சு, அதுவும் வீணு.”

“போகட்டுமுங்க. நீங்க காப்பியக் குடிங்க.”

ரோலைக் கழுவிய ஆரோக்கியதாஸ் உதட்டைப் பிதுக்கினார். “ஒங்க படம் ஒண்ணும் தேறலீங்க. மாடு மட்டும் கல்யாண ஆல்பத்துல வெக்கலாம்” என்றார். அவர் ‘ஒங்க படம்’ என்று அழுத்திச் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பரிசளிப்பு விழாவுக்குப் போக எனக்கு மனமில்லை. “சும்மா பாத்துப்போட்டு வரலாமுங்க” என்று மயிலாதான் இழுத்துக்கொண்டு போனாள். சும்மா பார்ப்பதற்கு எதற்குப் பட்டுப்புடவை என்று கேட்டேன். “கறுப்பு வெள்ளைக்கு நடுவுல நானாச்சும் கலரா இருக்கறனுங்க” என்றாள்.

மண்டபத்துச் சுவரில் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய படம். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு மலைச்சரிவு. சரிவு பூராவும் புல், காலை வெயிலில். கறுப்புப் புல்லுக்கு நடுவே வெள்ளிக்கம்பியாக வெள்ளைப் புல். உச்சியில், பவானியும் காவேரியும் கூடுகிற இடம் மாதிரி, கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சுழித்துக்கொண்டு இறங்கின.

“பாத்தியா அம்மணி! இதாம் படம்!”

“நல்லா இருக்குதுங்களா?”

“நல்லாவா? கறுப்பு எங்க முடியுது, வெள்ளை எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லு பாப்போம். முடியாது. இதை மனுசன் செய்ய முடியாது. வால்பாறைக்கு அக்கட்டால ஏதோ ஒரு மலை.”

“ஏனுங்க, இது மேல ஆராச்சும் கரியப் பூசினா?”

“எவன் பூசுவான்? கூறு கெட்டவந்தான் பூசுவான்!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். ஒருத்தர் ஆமோதித்துத் தலையாட்டினார். எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

“இத்தனை அழகைக் கரி பூசி மறைக்கிறவனையெல்லாம் கட்டி வெச்சு ஒதைக்கோணும்.”

“ஒதையெல்லாம் வேண்டாமுங்க. பாவம்” என்றாள் மயிலா. அவள் கண் கலங்கியிருந்தது. அங்கே வெங்காயமும் இல்லை.

அப்போது மைக்கில் அழைத்தார்கள். “முதல் பரிசு, திருமதி மயிலாத்தாள்.”

நான் படத்தைப் பார்த்தேன். மயிலாவைப் பார்த்தேன். ஆரோக்கியதாஸ் தூணுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கை தானாக என் பின்னந்தலைக்குப் போனது.

“அம்மணி... இது...”

“ஆமாங்க.”

“ரோலு கறுத்துப்போகும்னு சொன்னது?”

“நானா அப்படிச் சொன்னேன்?” என்றார் ஆரோக்கியதாஸ் தூணுக்குப் பின்னாலிருந்தே.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா மண்டைன்னு சொல்லியிருப்பீங்க. சொல்லாம விட்டதுக்குத்தான் மலைன்னு சொன்னீங்க” என்றாள். தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

நடுவர் பரிசைக் கொடுத்துவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினார். இப்படி ஓர் இடத்தை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். மயிலா வெட்கப்பட்டு, கூட்டத்தில் கைப்பையோடு நின்ற என்னைக் காட்டினாள்.

“அவருதானுங்க. எனக்குத் தெனமும் பாக்கோணுமுங்க. அவருதான் மறைச்சு மறைச்சு வெச்சுக்குவாரு.”

மண்டபமே என் பக்கம் திரும்பியது. எனக்கு நெஞ்சு விம்மியது. முகத்தைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, நன்றாகச் சிரித்தேன்.

“ஐயா, சித்தே திரும்பி நில்லுங்க” என்றார் நடுவர்.

திரும்பினேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முகத்தைக் காட்டச் சொல்லிக் கடைசி வரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை.