உண்ணி பொறுக்க ஒரு பட்டப்படிப்பு

ஒரு காட்டில், அதுவும் புலி வருவதற்கு முன்னாலேயே வங்கிக் கிளை வந்து சேர்ந்துவிட்ட காட்டில், தும்பையன் என்றொரு உண்ணிக்கொக்கு இருந்தது. காத்தாயி என்ற எருமையின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்பது அதன் பிழைப்பு. எருமைக்கு அரிப்பு தீரும், கொக்குக்கு வயிறு நிறையும். இரண்டும் சந்தோஷமாக இருந்ததால், யாராவது வந்து கெடுக்க வேண்டியிருந்தது.

வந்தது ஒரு கிளி. மலைக்கு அப்பால் சுகாதார அறிவியல் கல்லூரி திறந்திருக்கிறார்கள், மூன்று வருஷம் படித்தால் 'தோல் ஒட்டுண்ணி அகற்றும் நிபுணர்' என்று பட்டம், அப்புறம் எருமைக்கு இரண்டு மீன் கூலி கேட்டு வாங்கலாம் என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

தும்பையன் ஒன்றும் அவசரப்படவில்லை. சேற்றில் அலகால் கோடு கிழித்துக் கணக்குப் போட்டது. இந்தப் பக்கம் படிப்புக்கு வாங்கும் கடன், அந்தப் பக்கம் வருமானம். காட்டிலுள்ள எருமைகளை எல்லாம் எண்ணியது, மாடுகளையும் சேர்த்தது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காண்டாமிருகத்தையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் காட்டில் காண்டாமிருகம் கிடையாது. ஆனால் வராமலா போய்விடும்? கூட்டிப் பார்த்தால் ஒரே வருஷத்தில் கடன் அடைந்து, மறுவருஷம் சொந்தக் குளமே வாங்கலாம் போலிருந்தது. தன் மூளையை நினைத்துத் தும்பையனுக்கே கொஞ்சம் பயம் வந்தது.

வங்கி மேலாளர் ஒரு கூழைக்கடா. தொண்டைப் பையைத் திறந்து மீனைக் காட்டிவிட்டு, ஜாமீன் கேட்டது. காத்தாயி தன் குட்டையை அடகு வைத்துக் கைநாட்டுப் போட்டது. சித்திரை வெயிலில் குட்டை இல்லாமல் எருமைக்கு உயிர் தங்காது.

"எங்க வம்சத்துல யாரும் படிக்கலை. என் முதுகுல உட்கார்ந்தவனாவது படிக்கட்டும்" என்றது.

மூன்று வருஷம் கழித்துத் தும்பையன் பட்டத்தோடு வந்து இறங்கியது. கூடவே, அதே பட்டத்தோடு நாற்பது கொக்குகள் வந்து இறங்கின. எருமைகளை எண்ணிய நம் கணக்குப் புலி, கொக்குகளை எண்ண மறந்துபோயிருந்தது. இரண்டு மீன் கூலி அரை மீன் ஆயிற்று. அதையும் எருமைகள் அடுத்த மாசம் பார்க்கலாம் என்றன. நேற்றுவரை சும்மா பொறுக்கியவனுக்கு இன்றைக்கு என்ன கூலி என்றும் கேட்டன.

அதைவிடக் கொடுமை, பட்டம் வாங்கிய நிபுணர் எடுத்த உண்ணியைத் தின்னக்கூடாது. அது மருத்துவக் கழிவு. மஞ்சள் பையில் கட்டி எரிக்க அனுப்ப வேண்டும், செலவு நிபுணருடையது. தின்றால் பட்டம் பறிபோகும். பட்டம் போனால் மொத்தக் கடனையும் அன்றைக்கே கட்ட வேண்டும். ஆக, தும்பையன் அலகுக்கு எட்டிய சாப்பாட்டைப் பையில் போட்டு, கூலியும் கொடுத்து அனுப்பிவிட்டுப் பட்டினி கிடந்தது. தேர்வில் அது முதல் வகுப்பு.

தவணை தவறியது. கூழைக்கடா ஒருநாள் வந்து குட்டையில் இறங்கி ஆழம் பார்த்தது. காத்தாயி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தும்பையனுக்குத் தாங்க முடியவில்லை. நிபுணர் என்று மாட்டியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதரில் எறிந்தது, பட்டத்தைச் சுருட்டிக் கூட்டுக்கு அடியில் செருகியது, பழையபடி காத்தாயியின் காதோரம் உட்கார்ந்து உண்ணியைத் தின்ன ஆரம்பித்தது. வயிற்றுக்கு உண்ணி ஆயிற்று. வாய்க்காலில் பிடித்த மீன் முழுசும் தவணைக்குப் போயிற்று.

பலகை இல்லாமல் எவனோ வைத்தியம் பார்க்கிறான் என்று யாரோ புகார் போட்டுவிட்டார்கள். போலி நிபுணர் ஒழிப்பு அதிகாரியான பருந்து வந்து இறங்கியது.

"பட்டம் இருக்கா?"

இருக்கிறது என்றால் உண்ணி தின்ற குற்றம், குட்டை போகும். இல்லை என்றால் வெறும் போலி, பத்து மீன் அபராதத்தோடு போயிற்று. தும்பையன் வாழ்க்கையில் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

"படிக்கலைங்கய்யா."

பருந்துக்குச் சந்தேகம். ஓர் உண்ணியைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டது. அந்த உண்ணியின் குடும்பம், பேரினம், வாயில் நுழையாத நீளப் பெயர் எல்லாம் தும்பையனின் தொண்டையில் வந்து முட்டின. எல்லாவற்றையும் விழுங்கியது.

"உண்ணிங்க."

பருந்து காத்தாயியைப் பார்த்தது. போகிற வருகிற மாடுகளிடமெல்லாம் எங்கள் தும்பையன் படித்தவன் என்று பீற்றிக்கொண்ட காத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவனாங்க? இவனுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதுங்க சாமி."

அபராதத்தோடு விட்டுவிட்டது பருந்து. ஆனால் போகும்போது அதற்கே மனசு கேட்கவில்லை. கைத்தொழில் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, முறையாகப் படித்தால் எங்கேயோ போய்விடுவாய் என்று இறக்கையால் தட்டிக்கொடுத்து, கடனுக்குக் கூழைக்கடா வங்கியின் விலாசத்தையும் சொல்லிவிட்டுப் போயிற்று.

தும்பையன் இறங்கிச் சேற்றில் ஒரு கோடு கிழித்தது. இந்த முறை கொக்குகளையும் எண்ணிக்கொண்டால் சரியாக வரும் போலிருந்தது.

காத்தாயி முன்னங்காலைத் தூக்கி அந்தக் கணக்கின் மேல் வைத்தது.

நீதி: கடன் வாங்கியாவது நன்றாகப் படியுங்கள், படித்தவன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.