நெல்லிக்குப்பம் நிலத்துக்கு ஒரு அமெரிக்க சாட்சி

பண்ருட்டி பலாமரத்து வழக்கை அமெரிக்காவிலிருந்து ஆரம்பித்த வக்கீல் உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம்தான் நான் ஜூனியராக இருந்தேன். கடலூர் கோர்ட்டில் டவாலி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'அமெரிக்கா'. மனிதர் பாண்டிச்சேரியைத் தாண்டிப் போனதில்லை.

எல்லாம் ஒரு கட்சிக்காரரின் மகன் செய்த வினை. அமெரிக்காவில் வேலை பார்த்த அந்தப் பையன், சாருக்குப் பிடிக்குமே என்று ஒரு பழைய சட்டப் பிரசுரத்தின் நகலை அனுப்பி வைத்தான். அந்த நாடு சுதந்திரம் வாங்கிய சூட்டோடு அச்சடித்த சின்னப் புத்தகம். விஷயம் இதுதான்: இங்கிலாந்தில் அப்பன் உயில் எழுதாமல் செத்தால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. கப்பலேறி அமெரிக்கா போனவர்களில் பலர் பைபிளைப் புரட்டிப் பார்த்து, மூத்தவனுக்கு இரண்டு பங்கு, மற்ற பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று என்று கொஞ்சம் இறங்கி வந்தார்கள். ராஜாவையே விரட்டியாயிற்று, வீட்டுக்குள் எதற்கு ஒரு குட்டி ராஜா, எல்லோருக்கும் சமமாகப் பிரி என்று சண்டை போட்டது இந்தப் பிரசுரம். எழுதியவர் பெயர் கிடையாது. 'ஒரு விவசாயி' என்று மட்டும் போட்டிருந்தது.

அந்த விவசாயி யார் என்பதில் சாருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. யார் அச்சடித்தது, இரண்டாம் பதிப்பில் ஒரு பத்தி ஏன் காணோம் என்று அங்குள்ள நூலகங்களுக்கெல்லாம் மெயில் போட்டார். ஏற்கெனவே ஒரு இடத்தில் உட்காருகிற ஆள் இல்லை. டீயை நடந்துகொண்டே குடிப்பார். பஸ் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

"எழுதுனவன் மூத்தவன்தாம்மா. தன்னோட ரெட்டைப் பங்கைத் தானே வேணாம்னு சொன்னவன்" என்பார்.

"எப்படி சார் தெரியும்?"

"அவ்ளோ பெரிய மனசு வேற யாருக்கு வரும்?"

சார் அவர் வீட்டில் மூத்தவர் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பலாமர வழக்கு அண்ணன் தம்பி தகராறு. சார் வாதாட எழுந்து நேராக அந்த அமெரிக்கக் கப்பலில் ஏறினார். நீதிபதி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "வக்கீல் சார், கப்பல் பண்ருட்டிக்கு எப்ப வரும்?" என்றார். "வந்துகிட்டே இருக்கு, யுவர் ஆனர்" என்றார் சார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவரைக் கண்டாலே அண்ணன்மார்கள் தங்கைகளை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போவார்கள். மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்து எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அண்ணன் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பான், தங்கை பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். சார் அங்கே போய்க் கையெழுத்துப் போட நிற்கிற பெண்களைக் கூப்பிட்டு அமெரிக்க வரலாறு சொல்வார்.

ஒருமுறை ஒரு அண்ணன் சட்டையைப் பிடிக்கவே வந்துவிட்டான். "யோவ், யாருய்யா நீ? தங்கச்சிக்குப் பட்டுப்புடவை எடுத்துக் குடுத்திருக்கேன், தெரியுமா?"

"சரிப்பா. புடவை எத்தனை சென்ட்டு?" என்றார் சார். அன்றைக்கு நான் குறுக்கே விழுந்திருக்காவிட்டால் சாருக்கு அடி நிச்சயம்.

ஊரையே உலுக்கிய மனிதரின் பருப்பு சொந்தத் தங்கையிடம் மட்டும் வேகவில்லை. அந்தத் தங்கை, அமுதா அக்கா, சிதம்பரத்தில் எங்கள் தெருதான். அவர்களுடைய அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு நிலம். சார் பாகப்பிரிவினைப் பத்திரத்தை டைப் அடித்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் சிதம்பரம் பஸ் பிடிப்பார். அக்கா சளைத்தவளா? போட்டிக்கு ஒரு விடுதலைப் பத்திரம் டைப் அடித்து வைத்திருந்தாள். இவர் அதை நீட்டுவார், அவள் இதை நீட்டுவாள். இரண்டு பேரும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அக்கா வீட்டுக்காரர் நடுவில் காபியை வைத்துக்கொண்டு வழி விடச் சொல்லிக் கெஞ்சுவார்.

"ஏங்க்கா, வர்ற லட்சுமிய ஏன் வேணாங்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பங்கு வாங்குனவ வீட்டுக்குப் பொங்கச் சீரு எவன் எடுத்துட்டு வர்றான்? எதிர்வீட்டு சரோஜா வாங்குனா. அதோட சரி, பொறந்த வீட்லேர்ந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எனக்கு நெலம் வேணாம், எங்கண்ணன் வந்தா போதும்." கூடவே, "அதுவும் இல்லாம, அவரு பெரிய மனசு பண்ணிக் குடுக்கிறாராம். நான் என்ன பிச்சையா கேட்டேன்?" என்றாள்.

இப்படி இழுபறியாக இருந்தபோது ஒரு நூலகத்து அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பிரசுரத்தின் இன்னொரு பிரதி கிடைத்திருக்கிறது, அதன் ஓரத்தில் அந்தக் காலத்து ஆள் யாரோ எழுதியவர் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார், ஊர்ப் பதிவோடு ஒத்துப்போகிறது என்றார். எழுதியவர் மூத்தவர் இல்லை, வீட்டின் கடைசிப் பிள்ளை. பங்கு கேட்டு அண்ணனோடு மல்லுக்கு நின்றவர்.

சார் படித்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"தனக்கு வேணும்னு எழுதியிருக்கான்மா. இவனப் போயி கோர்ட்டு கோர்ட்டா தூக்கிகிட்டுத் திரிஞ்சனே" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர் சிதம்பரம் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அக்கா பதறிப்போய்க் கடலூருக்கே வந்துவிட்டாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"இத்தன நாளா மூத்தவன் குடுத்த கதையாவே சொன்ன. எனக்குப் புடிக்கல. இப்பதான் நல்ல கதையா இருக்கு. சின்னது கேட்டிருக்கு, அதான் கெடச்சிருக்கு. சரி, நானும் கேக்குறேன். என் பங்கக் குடு."

சார் எழுந்துவிட்டார். "நெசமாவா பாப்பா?"

"ஆனா பொங்கலுக்கு வரணும்."

"எழுதித் தரட்டுமா?"

"ஒண்ணும் எழுத வேணாம். வந்தா போதும்."

பத்திரம் பதிவானது. பொங்கலும் வந்தது. போகியன்று அக்கா காலையிலிருந்து வாசலைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள். யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "குப்ப ஜாஸ்தியா கெடக்குது" என்றாள். மத்தியானம் ஆயிற்று. சரோஜா தன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அக்கா சாப்பிடவில்லை. எனக்கு சார் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தெருமுனையில் சார் வந்தார். தோளுக்கு ஒன்றாக இரண்டு கரும்புக் கட்டு, கையில் மஞ்சள் கொத்தும் பையும். சட்டை முழுக்கப் புழுதி.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள் அக்கா.

"கரும்ப பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டான். ஆலப்பாக்கம் வரைக்கும் டிராக்டர்ல வந்தேன், அப்புறம் கெடச்ச வண்டியில." மூச்சு வாங்க இரண்டு கட்டையும் தனித்தனியாகச் சாத்தினார். "இங்க பாரு பாப்பா. இந்த வெள்ளக் கரும்பு உன் வயல்ல வெட்டுனது. அது உன் சொத்து, சீருல சேராது. இந்தப் பன்னீர்க் கரும்பும் மஞ்சளும் வளையலுந்தான் உங்கண்ணன் சீரு. ரெண்டயும் கலந்துடாத."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே சோறு போடப் போனாள். எனக்கு அண்ணன் கிடையாது. அது ஒரு குறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.