என் காலை அரசியலாக்கிய இஸ்திரிக்காரர்

பெங்களூரு ஈஜிபுராவில் கொசு கடித்தால் மற்றவர்கள் சொறிந்துகொள்வார்கள். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் மட்டும், "இந்த வார்டுக்கு கார்ப்பரேட்டர் யாரு?" என்று கேட்பார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவருக்கு அது அரசியல். எனக்கோ எல்லாமே என் ஜாதகம்.

தொண்ணூறுகளில் பீன்யா தொழிற்சாலை ஒன்றில் நான் குமாஸ்தா. ஒருநாள் காலை அவசரமாக பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, தெருமுனையில் மூடியில்லாத சாக்கடையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். மானம் போகுமே என்று, ஷட்டில் ஆடும்போது விழுந்ததாக ஆபீஸில் சொன்னேன். பிறந்ததிலிருந்து நான் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் துவைத்தும் போகாத கறையோடு இஸ்திரிக்குப் போன பேண்ட் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சாக்கடைல விழுந்தீங்களா சார்? சொல்லவே இல்லியே!"

"என் கவனக்குறைவுண்ணே. பொழைக்க வந்த எடத்துல நமக்கெதுக்கு அரசியல்?"

"நீங்க எந்த ஊருன்னு சாக்கடைக்குத் தெரியுமா சார்?"

அடுத்த வாரம், வார்டு தேர்தலுக்கு ஒரு வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தார். இஸ்திரிக்காரர் என்னை நாற்காலியோடு தூக்கிவந்து, மாவுக்கட்டுக் காலோடு சாக்கடையோரம் உட்காரவைத்துவிட்டார். வேட்பாளர் உருகிப்போய், தனக்குத் தெரிந்த டாக்டரிடம் சொல்வதாகச் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் கும்பிட்டேன்.

"காலை டாக்டர் பாத்துக்குவாரு. சாக்கடைக்கு நீங்க பதில் சொல்லுங்க" என்றார் இஸ்திரிக்காரர்.

"ராஜகீய மாடபேடப்பா!" அரசியல் பண்ணாதே என்று கன்னடத்தில் கெஞ்சினார், ஓட்டுக் கேட்க வந்தவர்.

அப்போது கூட்டத்தில் பால்காரம்மா, "நானும் விழுந்தேன்" என்றார். இன்னொருவர் தன் மாமனார் விழுந்ததைச் சொன்னார். விசாரித்தால் பாதித் தெரு விழுந்திருந்தது. எல்லோரும் என்னைப் போலவே சத்தம் போடாமல் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வேட்பாளர் வேறு வழியில்லாமல் அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்தார். ஜெயித்த பிறகு கல் பலகை போட்டுச் சாக்கடையை மூடினார்கள்.

கூடவே, இடைஞ்சலாக இருக்கிறதென்று இஸ்திரி வண்டியை எடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது.

"விடுங்க சார், என் தலையெழுத்து" என்றார் இஸ்திரிக்காரர். தெருவுக்கெல்லாம் வந்த அரசியல் தனக்கென்றபோது அவருக்கு வரவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! நொண்டிக்கொண்டே, விழுந்தவர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனேன். வண்டி தப்பியது. ஆனால் அதற்கு முன் அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "அவரு நிமகே ஏனாகபேகு?" என்றார். அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கிறார். நல்ல காலை ஊன்றி நிமிர்ந்து நின்றேன்.

"நம்மவரு சார்" என்றேன், தெரிந்த அரைக் கன்னடத்தில். சொன்ன பிறகுதான், அந்த மனிதர்மேல் எனக்கு எத்தனை பிரியம் என்று எனக்கே தெரிந்தது.