ஐந்தாவது நாற்காலி

விண்ணப்பத் தாளின் ஏழாவது கேள்வியில் ஓடெல் புரூயிட் சிக்கிக்கொண்டார்: 'நீங்கள் இக்கல்லூரியின் ஊழியரா?'

பத்தொன்பது ஆண்டுகளாக அந்தச் சமுதாயக் கல்லூரியின் கொதிகலனைக் காத்து நின்றவர் அவர். ஊழியருக்கு நிர்வாகக் குழுவில் இடமில்லை என்பது சட்டம்.

மக்களின் வரியில் எழுந்த கல்லூரி. மக்களின் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி. அதன் ஐந்து நாற்காலிகளில் எவர் அமர்வது என்று மட்டும் மக்களை எவரும் கேட்டதில்லை. தலைநகரில் ஆளுநர் ஒரு கையெழுத்திடுவார். நேற்றுவரை கார் விற்றவர் இன்று கல்விக் காவலர்! ஐவரில் ஒருவர் இறந்துபோக, ஐந்தாவது நாற்காலி காலியாயிற்று. மாலைநேரச் செவிலியர் வகுப்பை மூடுவதா என்று நவம்பரில் வாக்கெடுப்பு. பகலெல்லாம் பலசரக்குக் கடையில் கால்கடுக்க நின்றுவிட்டு ஓடெலின் மகள் ரீபா படித்தது அந்த வகுப்பில்தான். இன்னும் ஓராண்டு பாக்கி.

"மூடணும்னு ரெண்டு பேரு, வேணாம்னு ரெண்டு பேரு. அஞ்சாவது ஆளா நான் போனா முடிஞ்சுது கதை" என்றார் ஓடெல்.

"அப்ப வேலைய விட்டுடு" என்றார் முடிதிருத்தும் விர்ஜில், கத்தரியை நிறுத்தாமலே. ஊரில் எல்லாத் துறைக்கும் ஆலோசகர் அவர்.

"விட்டுட்டுச் சோத்துக்கு?"

"உனக்கு மக படிப்பு முக்கியமா, கொதிகலன் முக்கியமா?"

ஓடெல் வேலையை விட்டார். 'இல்லை' என்று எழுதி அனுப்பினார். ஆறு வாரமாகியும் பதில் இல்லை.

"மூஞ்சி தெரியாதவனுக்கு எவன்யா பதவி குடுப்பான்?" என்றார் விர்ஜில். "ஆளுநர் கட்சிக்காரங்க பேன்கேக் விருந்து வைக்கிறாங்க. போய் நாலு பேரு கண்ணுல படு."

அண்ணனின் இறுதிச் சடங்குக்கு வாங்கிய கோட்டை மாட்டிக்கொண்டு ஓடெல் போனார். ஆளுநரின் நியமனச் செயலாளரோடு கைகுலுக்க வலக்கையை நீட்டினார்; இடக்கைத் தட்டு சாய்ந்தது. மேப்பிள் பாகு அந்த மனிதரின் வெள்ளைச் சட்டையில் வழிந்திறங்கியது. துடைக்கத் துடைக்கப் பரவியது. கடைசியில், துடைத்த காகிதமும் சட்டையோடு ஒட்டிக்கொண்டது.

"உங்க பேரு?"

"ஓடெல் புரூயிட்... மன்னிச்சிடுங்க சார்."

"மறக்க மாட்டேன்" என்றார் செயலாளர்.

"போச்சு!" என்று தலையிலடித்துக்கொண்டார் விர்ஜில். "இனி ஒரே வழிதான். இருக்கிற நாலு பேரும் உன்ன மாதிரி நகர எல்லைக்கு வெளிய குடியிருக்கிறவங்க. நகரத்து ஆளுன்னா தட்ட முடியாது. வீட்ட வித்துட்டு உள்ள வந்துடு, புது விலாசத்துல புது விண்ணப்பம் போடு. விலாசம் மாத்தினத தபால் ஆபீஸ்ல மட்டும் சொல்லாத. நேத்து குடிவந்த ஆளுன்னு வெளிய தெரிஞ்சுடும்!"

ஆற்றோர வீட்டை லோர்னா டிபெட்ஸ் என்ற பெண்மணிக்கு விற்றுவிட்டு, சலவை இயந்திரக் கடையின் மாடியில் இரண்டு அறைகளுக்கு ஓடெல் குடிபெயர்ந்தார். கீழே இயந்திரம் சுழலும்போதெல்லாம் மேலே கட்டில் நகர்ந்தது.

"அப்பா, எலும்பு பேரெல்லாம் படிக்கிறேன், என் எலும்பே ஆடுது" என்றாள் ரீபா.

"ஒரு வருஷம் பொறுத்துக்கம்மா."

இம்முறை பதில் வந்தது. அச்சடித்த சிறு அட்டை: 'இவ்விடம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டது.'

ஓடெல் அதை இருமுறை படித்தார். பிறகு இறுதிச் சடங்குக் கோட்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார்.

நவம்பர் கூட்டத்துக்கு அதே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ரீபாவோடு போனார். மேடையில் நான்கு பேர். ஐந்தாவது நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. தலைவர் பீச்சம், ஊரின் பெரிய கார் வியாபாரி, தொண்டையைச் செருமினார்.

"ஆளுநர் ஆளப் போட்டு மூணு மாசம் ஆச்சாம். உறுதிமொழி எடுக்க அந்த ஆளு வரவே இல்ல. எடுக்கிற வரைக்கும் பேர எங்களுக்கே சொல்ல மாட்டாங்க. நாம ஆரம்பிக்கலாம்."

இரண்டுக்கு இரண்டு. சமமானால் தலைவர் பக்கமே வெல்லும் என்பது குழுவின் விதி. வகுப்பு மூடப்பட்டது. ரீபா தன் புத்தகத்தை மெல்ல மூடினாள்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ஓடெல் ஒலிபெருக்கியைப் பிடித்தார்; பத்தொன்பது ஆண்டுக் கொதிப்பு பொங்கியது.

"மூடணும்னு கைதூக்கினவங்களக்கூட மன்னிச்சிடுவேன். அவங்களாச்சும் வந்து உக்காந்தாங்க! நாற்காலி குடுத்தும் வராம இருக்கானே, எவன்யா அவன்? அவன் ஒரு கை தூக்கியிருந்தா இந்தப் புள்ளைங்க பொழச்சிருக்கும்! அந்தப் பொறுப்பத்த பயல இங்க கொண்டாந்து நிறுத்துங்க, அவன் மூஞ்சிய ஊரு பாக்கட்டும்!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வரிசையில் அவருக்கு அடுத்து, கையில் செவிலியர் பாடநூலோடு நின்ற, அவருடைய ஆற்றோர வீட்டை வாங்கிய லோர்னா டிபெட்ஸ் மட்டும் தட்டவில்லை. வெளிறிப்போய் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்திழுத்தாள்.

"சார்... உங்க பேருக்கு ஆளுநர் முத்திரை போட்டு மூணு தடவ கடுதாசி வந்துச்சு, 'இந்த விலாசத்தில் இல்லை'ன்னு எழுதி நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."