லைலாக் பக்கத்துக் கம்பி

அந்த அக்டோபரில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். நவம்பர் முடிவதற்குள் என் வீட்டில் என் சொல்லைக் கேட்கும் ஜீவன் ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

வீட்டில் மொத்தம் மூன்று ஜீவன்கள். முதலாவது மூரியல், என் மனைவி. அவள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். இரண்டாவது நான். என் சொல்லை நானே கேட்பதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது பிஜூ.

எல்லை தாண்டி வந்த எங்கள் தாத்தாக்கள் விட்டுப்போன பிரெஞ்சில் பிஜூ என்றால் நகை. குட்டைக் கால், தரையில் புரளும் காது, எப்போதும் ஈர மூக்கு. அந்த நகை தினமும் சரியாக நாலு மணிக்குக் காணாமல் போகும். ஆறு மணிக்குத் திரும்பி வரும். வாயில் கிராம்பு வாசனை அடிக்கும்.

திருடன் யாரென்று எனக்குத் தெரியும். லைலாக் புதருக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஆர்மான்.

ஆர்மானும் நானும் ஒரே பெஞ்சு. கன்னியாஸ்திரீகள் எங்களுக்குக் காலையில் பிரெஞ்சும், மதியத்துக்கு மேல் ஆங்கிலமும் சொல்லித் தந்தார்கள். பிறகு ஒரே செருப்புத் தொழிற்சாலையில் வேலை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் தெற்கே கனெக்டிகட் மாநிலத்துக்கு விமான எஞ்சின் செய்யப் போனேன். போகிற அன்று விருந்தில் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டு எழுந்து பேசினேன். "இந்த ஊர்ல தங்கறவன் மனுஷன் இல்ல, மரம். நான் இனிமே இங்க கால் வைக்க மாட்டேன்." எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்மானும் தட்டினான்.

தொண்ணூற்று நாலு ஏப்ரலில் எஞ்சின் கம்பெனி என்னை அனுப்பிவிட்டது. இங்கே மேய்ன் மாநிலத்தில் எனக்கென்று மிஞ்சியிருந்தது இந்த ஒரு வீடுதான். கால் வைத்தேன். மே மாதம் ஆர்மானின் மனைவி தெரேஸ் செத்துப்போனாள். மூரியல் அவித்த பீன்ஸ் பாத்திரத்தோடு அடக்கத்துக்குப் போனாள். நான் முதுகு வலி என்று படுத்துக்கொண்டேன். பொய் சொல்லிப் படுத்தேன். அதன்பின் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து லைலாக் புதர்ப் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு மொழியிலும் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இரண்டிலும் வாய் வரவில்லை.

நாய்க்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மூரியல், வேலி போடப் போறேன்."

"எதுக்கு?"

"நாய்க்கு. ரோட்டுல மரம் ஏத்தின லாரி எப்படிப் போகுது பார்த்தியா?"

"லாரி இந்தப் பக்கம் போகுது. நீ எந்தப் பக்கம் பார்த்துப் பேசற?"

"நாலு பக்கமும் போடணும்ல?"

"ஆர்மான் ஜன்னலுக்கு எதிரே பலகை வேலி நட்டா, அது அவன் மூஞ்சில கதவைச் சாத்தற மாதிரி. அந்த மனுஷன் பொண்டாட்டியப் புதைச்சு அஞ்சு மாசம்தான் ஆகுது."

"பலகையே கிடையாது. கண்ணுக்கே தெரியாது. மண்ணுக்குள்ள கம்பி ஓடும். நாய் கழுத்துல ஒரு பட்டை. கம்பிகிட்டப் போனா பட்டை கீச்சுனு கத்தும். அதையும் மீறிப் போனா லேசா ஒரு ஷாக்."

மூரியல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அதாவது வேலி போடணும், ஆனா போட்டது யாருக்கும் தெரியக்கூடாது. உனக்குன்னே யாரோ கண்டுபிடிச்சிருக்காங்க ரெனே."

ஆனாலும் சம்மதித்தாள். லாரி பயம் அவளுக்கும் உண்டு. இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பெட்டி வந்தது. உள்ளே ஐந்நூறு அடிக் கம்பி, சுவரில் மாட்டும் கருவி, ஐம்பது வெள்ளைக் கொடி, ஒரு குறிப்புப் புத்தகம், இரண்டு கழுத்துப்பட்டை.

"ரெண்டாவது யாருக்கு?" என்றாள் மூரியல், என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்."

"மொதல்ல ஷாக் எவ்வளவுன்னு பார்க்கணும். வாயில்லா ஜீவன்கிட்ட நேரா மாட்டறது பாவம்."

"யாரு பார்க்கறது?"

"வீட்டுத் தலைவர் நீதானே?"

அந்தப் பதவி எனக்கு அன்று ஒரு நிமிஷத்துக்கு மட்டும் வழங்கப்பட்டது. உள்ளங்கையில் பட்டையை வைத்தேன். மூரியல் கருவியின் குமிழைத் திருப்பினாள். நான் சொன்ன வார்த்தை பிரெஞ்சு. கன்னியாஸ்திரீகள் சொல்லித் தராத பிரெஞ்சு.

"கொஞ்சம் குறைச்சு வைக்கலாம்" என்றாள்.

குறைத்து வைத்தாள். ஒரே ஒரு கோடு. அந்த அளவில் கம்பியிலிருந்து ஒன்றரை அடிக்குள் வந்தால்தான் பட்டை கத்தும். அதுவே போதும் என்றாள். நான் ஒப்புக்கொண்டேன். இந்த விஷயத்தில் அவளோடு வாதாடுவது வீண். கனெக்டிகட்டில் பத்தொன்பது வருஷம் தொலைபேசிக் கம்பெனிக்காக மண்ணுக்கடியில் கேபிள் இணைத்தவள் அவள். நான் விமானத்துக்காக வேலை செய்தவன். எனக்கு மண் தெரியாது.

தரை உறைவதற்குள் புதைத்தாக வேண்டும். ரோட்டுப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். மூன்றங்குல ஆழம் போதும் என்று புத்தகத்தில் இருந்தது. இருபதாவது அடியில் முதுகு போய்விட்டது. மீதி முழுவதையும் மூரியலே பார்த்துக்கொண்டாள். நான் சமையலறை ஜன்னலோரம் சுடுதண்ணீர்ப் பையோடு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன்.

லைலாக் பக்கம் வந்ததும் அவள் இடுப்பு வரை குழிக்குள் இறங்கிவிட்டாள்.

ஜன்னலைத் திறந்தேன். "மூணு அங்குலம், மூரியல்! கிணறா வெட்டற?"

"இங்க தண்ணி நிக்கற மண்ணு! உறைஞ்சா கம்பிய இழுத்து அறுத்துடும்! ஆழமாப் போட்டாத்தான் நிக்கும்!"

மேய்னில் பிறந்த எவனும் இதை மறுத்துப் பேச மாட்டான். இங்கே தண்ணீர்க் குழாயும் ஆழத்தில்தான் கிடக்கும், வீட்டு அஸ்திவாரமும் ஆழத்தில்தான் நிற்கும். குளிர் எட்டாத ஆழம் என்று ஒன்று உண்டு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் எவ்வளவு அக்கறை!

"அந்த நீள மண்வெட்டி எங்க கெடச்சுது?"

"கெடச்சுது!"

ஜன்னலை மூடிக்கொண்டேன்.

கொடிகளை நட்டோம். வீட்டைச் சுற்றி ஐம்பது வெள்ளைக் கொடி. சண்டை தொடங்குமுன்பே சரணடைந்த வீடு இந்தத் தெருவில் எங்களுடையது ஒன்றுதான்.

அடுத்தது பயிற்சி. மாலையில் மூரியல் குறிப்புப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். நான் சோபாவில் கிடப்பேன்.

"'பிராணியை தினமும் எல்லை வரைக்கும் கூட்டிட்டுப் போகவும். இழுக்கக் கூடாது. அவசரப்படுத்தக் கூடாது. திரும்பி வந்ததும் பிடிச்ச தீனி ஒண்ணு குடுக்கவும். பிராணி தானா புரிஞ்சுக்கிட்டதா நினைக்கணும்.' கேக்கறியா ரெனே?"

"எனக்கெதுக்கு? நாய்கிட்டப் படி."

ரோட்டுப் பக்கம் நான் பயிற்சி கொடுத்தேன். பட்டை கீச்சிட்டதும் பிஜூ பின்வாங்கியது. நாலே நாளில் படித்துவிட்டது. லைலாக் பக்கத்தை மூரியல் எடுத்துக்கொண்டாள். "பார்த்துட்டேன், நல்லா இருக்கு" என்று அறிக்கை கொடுத்தாள். எது நல்லா இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பலன் உடனே தெரிந்தது. மதியம் மூன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்திருப்பது என் வழக்கம். வேலை போனவனுக்குப் பகலைக் குறைக்க வேறு வழியில்லை. முன்பெல்லாம் ஐந்துக்கு எழுந்தால் வீடு வெறிச்சென்று இருக்கும். இப்போது எழுந்தால் சோபாவின் கீழே பிஜூ. தினமும். நான் ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்தவன் முகம் எப்படி இருக்கும் என்று ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். நவம்பரில் ஐந்து மணிக்குக் கண்ணாடி முழுக்க இருட்டு. நடுவில் என் முகம், அதற்குப் பின்னால் ஆர்மான் வீட்டுச் சமையலறையின் ஒற்றை விளக்கு. நாயும் போகாத வீட்டில் தனியாகச் சாப்பிடுகிற ஒருவன். அதைச் செய்தவன் நான். மரம் என்று சொன்னது போதாதென்று சுற்றிலும் கம்பியும் கட்டிவிட்டேன். சுடுதண்ணீர்ப் பையை முதுகிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அங்கேயும் வலி கேட்கவில்லை.

இதற்கு நடுவே சில சில்லறை விஷயங்கள்.

"மூரியல், நாய் ஏன் குண்டாயிட்டே போகுது?"

"வெளிய சுத்தாம வீட்டுக்குள்ளேயே கிடந்தா எந்த ஜீவனும் ஊதும்." என் வயிற்றைப் பார்த்தாள்.

"வாயில என்ன கிராம்பு வாசனை?"

"புது நாய் சோப்பு."

"கிராம்புலயா?"

"உறைய வைக்கற குளிர்ல சொறி வராம இருக்க."

கூடவே இன்னொன்று. பறவைகளுக்குத் தானியம் போடும் கூண்டை அவள் முன்வாசலிலிருந்து எடுத்துத் தோட்டத்து நடுவில் மாட்டினாள். நான்தான் தினமும் தானியம் போட வேண்டும். நாலு நாள் கழித்து இன்னும் தள்ளி மாட்டினாள். அடுத்த வாரம் அது லைலாக் புதரிலேயே தொங்கியது. முணுமுணுத்துக்கொண்டே போய் வருவேன். திரும்பி வந்ததும் தட்டில் சுடச்சுடப் பொரித்த டோநட் ஒன்று இருக்கும். மனைவிக்கு என் மேல் பிரியம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி காலை முதல் பனி விழுந்தது. கணுக்கால் ஆழம். அன்று மதியம் பனி தள்ளும் வண்டி ரோட்டைச் சுரண்டிக்கொண்டு போன சத்தத்தில் எனக்கு நாலே காலுக்கே முழிப்பு வந்துவிட்டது. சோபாவின் கீழே கை விட்டேன். வெறும் தரை.

"மூரியல்! நாய் எங்க?"

"தோட்டத்துல."

"தோட்டத்துல இல்லயே!"

"கம்பி இருக்கே. எங்க போயிடும்?"

ஜன்னலுக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெள்ளைத் தோட்டத்தின் குறுக்கே பின்கதவிலிருந்து லைலாக் புதர் வரை ஒரே நேர்கோடாகக் கால்தடம். தயக்கமோ வளைவோ கிடையாது. பல நாள் பழகிய கால் போட்ட கோடு.

"மூரியல், வேலி கெட்டுப்போச்சு!"

"உன் வேலி. நீயே போய்ப் பாரு."

என் பூட்ஸ் கதவோரம் தயாராக இருந்தது. நாடா தளர்த்தி, வாய் பிளந்து, சூடு படட்டும் என்று கணப்பைப் பார்த்து வைத்திருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரோட்டுப் பக்கம் குனிந்து தரையோடு நீட்டினேன். கீச்சென்றது. பின்பக்கமும் கீச்சென்றது. லைலாக் பக்கம் போனேன். சத்தமில்லை. ஓரடி முன்னே வைத்தேன். இல்லை. இன்னும் ஓரடி. இல்லை. பட்டையைத் தரையோடு வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னும் இரண்டடி.

நிமிர்ந்து பார்த்தேன். நான் ஆர்மான் வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கம்பி கெடவில்லை. மூன்றடிக்குக் கீழே பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை அடி மட்டுமே எட்டும் சத்தத்தை மூன்றடியில் புதைத்தால் மேலே என்ன கேட்கும்? லாரி போகும் பக்கம் வேலி. இந்தப் பக்கம் வாசல். தினமும் நான் ஐந்துக்கு எழுவதற்குள் நாய் போய்விட்டுத் திரும்பி வந்து படுத்திருக்கிறது.

திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கதவு திறந்துவிட்டது. ஆர்மான். முடி முழுக்க வெளுத்து, தெரேஸின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றான். கையிலிருந்த பட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஏழு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் தேடினேன். ஆங்கிலத்தில் தேடினேன்.

"கம்பி... இந்தப் பக்கம் வேலை செய்யல" என்றேன்.

"தெரியும்டா. குழி வெட்ட மண்வெட்டி குடுத்ததே நான்தான்."

"ஆர்மான், தெரேஸ் அடக்கத்துக்கு நான்..."

"கதவைச் சாத்திட்டுப் பேசு. குளிரு உள்ள வருது. மரத்துக்கும் குளிரும்டா."

உள்ளே போனேன். மேஜைக்கடியில் பிஜூ. என்னைப் பார்த்து ஒரு தடவை வாலை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. மேஜை மேல் தூர்த்தியேர். பன்றிக்கறியில் கிராம்பும் இலவங்கப்பட்டையும் போட்டு, மாவுக்குள் பொதித்துச் சுட்டது. தெரேஸ் செய்கிற மாதிரியே ஓரம் மடித்திருந்தான், ஒரு பக்கம் கருகியிருந்தது. இரண்டு தட்டு. இரண்டு முள்கரண்டி.

"யாராவது வராங்களா?"

"முதல் பனியன்னைக்கு நீ வருவேன்னு மூரியல் சொன்னா. நான் கிறிஸ்துமஸ் ஆகும்னேன். தோத்துட்டேன். உக்காரு."

உட்கார்ந்தேன். அவன் மாவு அப்பிய கையால் ஒரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தான். தினமும் எல்லை வரைக்கும் கூட்டிப் போனது, அவசரப்படுத்தாதது, திரும்பியதும் தீனி கொடுத்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பிராணி தானாகப் புரிந்துகொண்டதாக நினைக்க வேண்டும். நினைத்தேன்.

தூர்த்தியேரில் உப்பு போதவில்லை. அதுவும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, நான் குனிந்துகொண்டுதான் சாப்பிட்டேன். ஆர்மான் எனக்கு முதுகு காட்டி நின்று, சுவரில் இருந்த போனை எடுத்து எண்களை அழுத்தினான்.

"மூரியல்? வந்துட்டான்... ம்... சாப்பிடறான்... ம். அழறான், ஆனா சாப்பிடறான்."

தொலைபேசிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் இருந்தவள் குரல். மேஜை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"அஞ்சரைக்கு அனுப்பிடு ஆர்மான். நாயை முன்னால விடு. அவனுக்கு வழி இன்னும் பழகல."