குலுக்கல் சார் மாற்றாத வீடு

இந்த உலகத்தில் மனைவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த ஒரே மனிதர் எங்கள் குலுக்கல் சார்தான். மனைவி விஷயத்திலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த அம்மாவிடமே ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அவர் எங்கேம்மா குலுக்கினார்? எங்கப்பா பிடிச்சு உலுக்கின உலுக்குல தாலி கட்டினார்" என்றார்.

நாடு முழுக்க வீடு வீடாகப் போய்க் குடும்ப வருமானம் கேட்கும் சர்வேயில் நான் ஒப்பந்த ஊழியை. அவர் எனக்கு மேலதிகாரி. கழுத்து அட்டையில் அவருடைய நிஜப் பெயர் இருந்தது. ஆனால் அட்டை எப்போதும் முதுகைக் காட்டியே தொங்கியதால் யாரும் படித்ததில்லை. சட்டைப் பையில் ஒரு பழைய பெருங்காய டப்பா வைத்திருப்பார். உள்ளே துண்டுச் சீட்டுகள். எந்தத் தெருவில் முதலில் நுழைவது, எந்த பஸ்ஸில் ஏறுவது, எல்லாம் அந்த டப்பா முடிவு. அவர் பக்கத்தில் நின்றாலே சாம்பார் சாதம் ஞாபகம் வரும்.

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் டிபனுக்கு டப்பா குலுங்கியது. வடை விழுந்தது. கடையில் இட்லி, பொங்கல், பூரி எல்லாம் ஆவி பறக்கிறது. வடைக்கு மட்டும் மாவே அரைக்கவில்லை. "சார், பொங்கல் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமே" என்றேன். பெற்ற தாயைப் பழித்துவிட்டதுபோலப் பார்த்தார். "விழுந்தா விழுந்ததுதாம்மா." மாவு அரைத்து, எண்ணெய் காய்ந்து, வடை வரும்வரை உட்கார்ந்திருந்தோம். நாங்கள் பிடிக்க வேண்டிய படகு போயே போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த வடையை அவர் தலையிலேயே தட்டியிருப்பேன், சூடாக இருந்ததால் விட்டேன்.

பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் வேலையே அந்தப் பைத்தியத்தின் மேல்தான் நிற்கிறது என்று. ஓர் ஊருக்குப் போனால் முதலில் ஒரு வீடு விடாமல் பட்டியல் எடுக்க வேண்டும். பிறகு டேப்லெட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் அது கண்ணை மூடிக்கொண்டு சில வீடுகளைப் பொறுக்கிக் கொடுக்கும். அந்த வீடுகளில்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் காபி நன்றாக இருக்கும் என்பதற்காக அங்கே போய் உட்காரக் கூடாது. பல முறை போயும் ஒரு வீடு பேச மறுத்தால், வேறு வீடு கொடுக்கும் பொத்தான் ஒன்றும் உண்டு. சர்வீஸ் முழுவதிலும் சார் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. ரிட்டையர் ஆகும் முன் அவருக்கு வந்த கடைசி ஊர், ஏரியோரத்துக் குப்பம் ஒன்று.

ஊர் கூடிவிட்டது. "இன்னாத்துக்கு எங்க வூட்ட மட்டும் எழுதிக்கினு போறீங்க? ரேஷன் கார்ட புடுங்கவா?" என்று ஒரே சத்தம். ஊர்த் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எறா ஏலத்துல கூடைக்கு மேலாப்ல பெருசு பெருசா அடுக்கியிருப்பான். அதைப் பார்த்தே விலை சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார் சார்.

"நாங்க இன்னா கேனையா? அடி வரைக்கும் கைய வுட்டுப் பாப்போம்."

"நானும் அதான் பண்றேன். சீட்டு எந்த வீட்டுல விழுதோ, அங்க கையை விடுறேன். யார் என்ன சொன்னீங்கன்னு வெளியில போகாது."

தலைவர் முகம் மலர்ந்தது. "அட, இது நம்ம பாடு மாதிரிடா!"

பாடு என்றால் ஏரியில் வலை போடும் இடம். எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்பதை அங்கே ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அவ்வளவுதான், ஊரே எங்கள் பக்கம் சாய்ந்தது. சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே சாய்ந்தது. சீட்டு விழுந்த வீட்டுக்காரர்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வாசலில் காத்திருந்தார்கள். விழாதவர்கள் எங்களுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. ஒருவர் மச்சானை இழுத்துக்கொண்டு வந்து, "சார், எனுக்கு வேல கீது. என் பாட்ட இவனுக்கு வுட்டுக் குடுத்துட்டேன், இவன எழுதிக்கோ" என்றார். உடம்பு முடியாதவன் பாட்டைப் பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது அங்கே வழக்கமாம். அவரை உட்காரவைத்துப் பதில் வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

வருமானம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் எந்த மனிதரும் சொல்ல மாட்டார். "வருமானமா? புயல்தான் வருது" என்பார்கள். அதனால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். எந்த மாசத்தில் என்ன மீன், டீசலுக்கு எவ்வளவு, வலை தைக்க எவ்வளவு என்று துருவ வேண்டும். "விக்காம வீட்டுக் குழம்புக்கு எடுத்து வெச்ச மீனும் வருமானம்தான்" என்று சார் விளக்கினார்.

"அப்போ பூன துன்னது?" என்று கேட்டார் ஒரு வெள்ளை வேட்டிக்காரர்.

சார் சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்தபடி படகுத்துறை வரை போய்த் தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டார். அங்கே என்ன சொன்னார்களோ, திரும்பி வரும்போது காது சிவந்திருந்தது.

எல்லா வீடும் முடிந்து ஒன்று மட்டும் நின்றது. ஊர்க்கோடியில் ஓலைக் குடிசை. தேசம்மா என்று ஒரு பெண். ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர். விடிந்ததும் தண்ணீரில் இறங்கினால் சாயங்காலம்தான் கரை. எத்தனை தடவை போனாலும், "எங்கிட்ட இன்னா கீதுனு எழுதப் போறே? பெரிய வூடா பாத்துப் போ சார்" என்று படலைச் சாத்திவிடுவார்.

தலைவரும் வந்து சேர்ந்தார். "சார், கையால புடிக்கிறவங்களுக்குப் பாடே கெடியாது. அவங்க பேர நாங்க சீட்டுல போடறதே இல்ல. தப்பா வுழுந்துக்குது. இன்னொரு தபா குலுக்கு. வேணும்னா நம்ம வூட்ட எழுதிக்கோ, சோக்கா டீ போட்டுத் தரேன்."

"தலைவரே, உங்க பாட்டுல சீட்டு விழுந்தப்புறம் பிடிக்கலைன்னு மறுபடி குலுக்குவீங்களா?"

"அது எப்டி சார்? ஊரு வுடுமா?"

"என் ஊரும் விடாது."

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "செம ஆளுய்யா நீ. வா, என் படகுலயே இட்டுனு போறேன்."

அன்றுதான் கடைசி நாள். பொழுது சாய்வதற்குள் தேசம்மா வாய் திறக்காவிட்டால் அந்தக் குடிசையை விட்டுவிட்டு மாற்று வீட்டுக்குப் போயாக வேண்டும். "ஒரே ஒரு வீடு சார், மாத்திடலாம். நாடு ஒண்ணும் கவிழ்ந்துடாது" என்று படகில் ஏறும்வரை நச்சரித்தேன். "யார் வீடு வேணா விடலாம்னு ஆரம்பிச்சா, எப்பவும் இவங்க வீடுதாம்மா விட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டு பேன்ட்டை முழங்கால் வரை மடித்தார். இறங்கியதும் தண்ணீர் இடுப்பு வரை வந்தது. மடித்தது வீண். டேப்லெட்டைப் பாலித்தீன் உறையில் போட்டுத் தலைக்கு மேல் பிடித்தபடி, சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தார். எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து? நானும் சேலையோடு இறங்கினேன்.

தேசம்மா இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். பிடித்த இறாலைப் போடுவதற்கு ஓலைப் பறி. அந்தக் கூடையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டால்தான் இரண்டு கையும் ஓயாமல் வேலை செய்யும்.

"அம்மா, வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

"ம்ம்."

"சம்பாதிக்கிறவங்க?"

"ம்ம் ம்ம்."

கடைசியில் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு எகிறினார் தேசம்மா. "பறிய வாயில வெச்சிக்கினு பேச முடியுமா சார்? கையில புடிச்சிக்கினு பேசுனா எறா போய்டும். எம் பொழப்பக் கெடுக்காத, போ."

சார் டேப்லெட்டை என் கையில் திணித்தார். பறியை வாங்கித் தன் பல்லால் கடித்துக்கொண்டு, வாயைக் காட்டி 'இதில் போடு' என்று சைகை செய்தார். டப்பாவைக் கேட்காமல் அந்த மனிதர் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அது.

தேசம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படகிலிருந்து தலைவர், "சார், சோக்கா கீறே! வேலைல சேந்துக்கோ!" என்று கத்தினார். நான் கேள்வி கேட்க, தேசம்மா இறாலைப் பறியில் போட்டபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். அது ரகசியம், உதைத்தாலும் சொல்ல மாட்டேன். கேள்விகள் முடிந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, சாரின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

தேசம்மா கையை அலசினார். சாரையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்கவா சார்? பாட்டுச் சீட்டுல எங்க பேர யாரும் போட்டதில்ல. எங்க நைனா காலத்துலேர்ந்தே கெடியாது. நெஜமாவே உன் சீட்டுல எம் பேரும் இருந்துச்சா? பாவம்னு சேத்துக்கினியா?"

சாரால் பேச முடியாது. வாயில் பறி. கண் கலங்க, இருந்தது இருந்தது என்று தலையைப் பலமாக ஆட்டினார். ஆட்டிய ஆட்டில் பறி கழன்றது, கூடவே அவருடைய மேல் பல்செட்டும் கழன்று ஏரியில் விழுந்தது.

பறியைத் தேசம்மா அந்தரத்திலேயே பிடித்துவிட்டார். பிறகு குனிந்து, சேற்றில் கையை விட்டு இரண்டே துழாவில் பல்செட்டை எடுத்து நீட்டினார். "இந்தா சார். எறானு நெனச்சேன், உன்னோடது கடிக்குது." அந்த ஏரியில் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் எங்கேயும் சிரித்ததில்லை. கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிட்டையர் ஆன அன்று அந்தப் பெருங்காய டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் சார். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். பேரனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று குலுக்கப்போய் மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி.

மறக்க முடியாத ஒரு மனிதரைப் பற்றி எழுதச் சொல்லி இந்தப் பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். எனக்குத் தெரிந்த விசித்திரப் பிறவிகளுக்கா பஞ்சம்? எல்லாப் பெயரையும் சீட்டில் எழுதி, அதே டப்பாவில் போட்டு, முறைப்படி குலுக்கி ஒன்றை எடுத்தேன். எங்கள் ஹாஸ்டல் சமையல்காரரின் பெயர் வந்தது. சீட்டை மடித்து உள்ளே போட்டு மூடிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

மன்னிச்சுக்கோங்க சார். வீட்டை மாத்திட்டேன்.